முகமூடி போட்டால் நிஞ்ஜா படம் ஆகிவிடுமா? எதை முதலில் பார்ப்பது, எதை விடுவது

கறுப்புத் துணியால் முகத்தை மறைத்து, முதுகில் வாளைக் கட்டி, இரும்பு நட்சத்திரம் வீசும் ஆள் ஒருவர் திரையில் வந்துவிட்டால் போதும், அந்தப் படத்தை நிஞ்ஜா படங்களின் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அதனால் 1962இல் வந்த ஜப்பானியக் கறுப்பு வெள்ளைப் படமும், 1985இல் வந்த அமெரிக்க ராணுவ முகாம் சண்டைப் படமும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இரண்டையும் ஒரே எதிர்பார்ப்போடு பார்க்க உட்காருபவருக்கு ஏதாவது ஒன்றில் ஏமாற்றம் நிச்சயம். இந்த வகைக்குள் முதன்முதலாக நுழைபவர் எந்தப் படத்தில் தொடங்க வேண்டும், எது உண்மையான நிஞ்ஜா படம், எது நிஞ்ஜா உடுப்பு போட்ட சண்டைப் படம் என்பதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறோம்.

முதலில் அளவுகோலைச் சொல்லிவிடுவோம். 'நிஞ்ஜா ஹட்டோரி' கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இகா, கோகா என்ற பெயர்கள் பழக்கம். ஹட்டோரி இகாக்காரன், அவனோடு மல்லுக்கு நிற்கும் கெமுமாகி கோகாக்காரன். இரண்டும் உண்மையான இடங்கள். இகா இன்றைய மியே மாநிலத்தில் இருக்கிறது, கோகா அதை ஒட்டிய ஷிகா மாநிலத்தில். மலை சூழ்ந்த அந்தச் சிற்றூர்களின் ஆட்கள்தான் 15, 16ஆம் நூற்றாண்டுப் போர்களில் வேவு பார்க்கவும், கோட்டைக்குள் நுழையவும், தீ வைக்கவும் கூலிக்குப் போனார்கள். போர்கள் ஓய்ந்து பல பத்தாண்டுகள் கழித்து அந்தத் தொழிலறிவு ஏட்டில் ஏறியது. 1676இல் ஃபுஜிபயாஷி யசுதாகே தொகுத்த 'பான்சென்ஷூகாய்', 1681இல் எழுதப்பட்ட 'ஷோனின்கி' இரண்டும் அவற்றில் முக்கியமானவை. இவற்றில் வாள் சண்டைக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. எந்த இரவில் நுழைவது, வானிலையை எப்படிப் படிப்பது, காவல்காரர் எப்போது அயர்வார், யாரிடம் எப்படிப் பேச்சுக் கொடுத்தால் செய்தி கிடைக்கும், தீயை நனையாமல் எப்படிக் கொண்டுபோவது என்பவைதான் பக்கங்களை நிரப்புகின்றன.

நுழையும் வழியை 'பான்சென்ஷூகாய்' இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, முகத்தைக் காட்டிக்கொண்டே வேறொருவராக நுழைவது. மற்றொன்று, உருவமே தெரியாமல் ஒளிந்து நுழைவது. முதல் வழிக்கு 'ஷோனின்கி' ஏழு வேடங்களைச் சொல்கிறது: கூடை போன்ற தொப்பிக்குள் தலையை மறைத்துக் குழல் ஊதும் துறவி, பௌத்த பிக்கு, மலைத்துறவி, வணிகர், தெருவில் வித்தை காட்டுபவர், கூத்துக் கலைஞர், கடைசியாக அந்த ஊரின் சாதாரண மனிதர். ஏழில் மூன்று துறவிக் கோலம். துறவி வேடத்தில் போய், பிடிபட்டு என்ன செய்தாலும் தளராதவரே ஒற்றர் என்று நம் குறளின் ஒற்றாடல் அதிகாரமும் சொல்கிறது. அந்த மனிதரைத் திரையில் காட்டுவதுதான் நிஞ்ஜா படத்தின் வேலை. அவர் வாளை உருவ வேண்டி வந்தது என்றால் போன காரியம் பாதி கெட்டுவிட்டது என்று பொருள்.

ஆகவே ஒரு படத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. கதையின் மையத்தில் ஊடுருவல் இருக்கிறதா, அதாவது எதையாவது எடுக்கவோ, தெரிந்துகொள்ளவோ, ஒருவரைச் சத்தமில்லாமல் தீர்க்கவோ போகிறார்களா? மறைவு எப்படி நடக்கிறது என்பது பார்ப்பவருக்குப் புரிகிறதா, அல்லது புகை கிளம்பியதும் ஆள் காணாமல் போகிறாரா? கருவிகளுக்குச் செய்ய ஒரு வேலை உண்டா? நிஞ்ஜாவை அனுப்பியவர் அவர் உயிருக்கு என்ன மதிப்பு வைத்திருக்கிறார்? நான்காவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சாமுராய்க்குப் பெயரும் குலப்பெருமையும் உண்டு. நிஞ்ஜா செத்தால் அவரை அனுப்பியதாகவே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்தக் கசப்பு இல்லாத படத்தில் பாதி நிஞ்ஜாதான் இருக்கிறார்.

இவற்றோடு ஒரு குறுக்குச் சோதனையும் உண்டு. நிஞ்ஜாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கராத்தே வீரரை நிறுத்திப் பாருங்கள். கதை அப்படியே ஓடினால் அது நிஞ்ஜா படம் இல்லை.

1962: எல்லாம் தொடங்கிய இடம்

நிஞ்ஜாக்கள் ஜப்பானிய சினிமாவில் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தார்கள். 1921இலேயே ஷோஸோ மகினோ இயக்கத்தில் மட்சுனோசுகே ஓனோயே, பழங்கதைகளில் வரும் மாய நிஞ்ஜா ஜிராயாவாக நடித்தார். கேமராவை நிறுத்தி மறுபடி ஓட்டும் தந்திரத்தில் ஆள் மறைவார், பெரிய தேரையாக மாறுவார். அந்தப் படங்களில் நிஞ்ஜா ஒரு மந்திரவாதி. தாயெய் நிறுவனம் 1962இல் எடுத்த 'ஷினோபி நோ மோனோ' இதைத் தலைகீழாக்கியது. மந்திரம் போய், பயிற்சியும் பொறுமையும் பசியும் வந்தன. சட்சுவோ யமாமோட்டோ இயக்க, ராய்ஸோ இச்சிகாவா, ஜப்பானியக் கதைகளில் பேர்போன திருடன் இஷிகாவா கோஎமோனாக நடித்தார். மூலநாவல் தொமோயோஷி முராயாமா எழுதியது, ஜப்பான் கம்யூனிஸ்ட் கட்சியின் 'அகாஹாட்டா' நாளிதழில் தொடராக வந்தது. அந்தப் பின்னணி படத்தின் எலும்புவரை இறங்கியிருக்கிறது. உழைக்கிறவன் நிஞ்ஜா, அவன் உயிரை வைத்துச் சூதாடுகிறவர் தலைவர் மொமோச்சி சண்டாயூ. அவர் என்ன சூது ஆடுகிறார் என்பதை இங்கே சொல்லக் கூடாது, படத்தின் முடிச்சே அதுதான்.

இந்தப் படத்தில் ஒரு காட்சியைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். கோஎமோன் ஓடா நொபுனாகாவைக் கொல்லப் போகிறார். கூரைக்கு உள்பக்கம் படுத்து, மேலிருந்து ஒரு நூலை இறக்கி, தூங்குகிறவரின் வாய்க்கு நேராக நிறுத்தி, அந்த நூல் வழியாக நஞ்சைத் துளித்துளியாக விடுகிறார். இந்த முறையில் எத்தனை இடத்தில் தவறலாம் என்று எண்ணிப் பாருங்கள். நூல் ஆடக் கூடாது. துளி பெரிதானால் பாதி வழியில் கன்னத்தில் விழும். தூங்குகிறவர் தலையைத் திருப்பினால் எல்லாம் வீண். மேலே இருப்பவரின் மூச்சுச் சத்தம்கூடக் காரியத்தைக் கெடுக்கும். ஒரு வாள்கூட மோதாத இந்தக் காட்சி, நூறு பேரை வெட்டிச் சாய்க்கும் கிளைமாக்ஸ்களைவிட இறுக்கமாக இருக்கிறது. 1967இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' இதே உத்தியைக் கையாண்டது. மேற்கத்தியப் பார்வையாளர்களுக்கு நிஞ்ஜா என்ற சொல்லைப் பரவலாகக் கொண்டுசென்றதும் அந்தப் பாண்ட் படம்தான்.

நான்கு கேள்விகளுக்கும் 'ஷினோபி நோ மோனோ' முழு மதிப்பெண் வாங்குகிறது. சிரமம் ஒன்று உண்டு. ஜப்பானிய வரலாறு தெரியாதவருக்கு முதல் அரை மணி நேரம் பெயர்கள் குழப்பும். முன்கூட்டியே இரண்டு விஷயம் தெரிந்துகொண்டால் போதும்: நொபுனாகா ஜப்பானை ஒரு குடையின்கீழ் கொண்டுவர முயன்ற போர்த்தலைவர், இகாவின் சுதந்திரம் அவருக்கு முள், 1581இல் அவருடைய பெரும்படை இகாவுக்குள் புகுந்து அதை அழித்தது. படம் போய்ச் சேரும் இடம் அதுதான். 1966க்குள் இச்சிகாவாவை வைத்து இந்தத் தொடரில் எட்டுப் படங்கள் வந்தன. முதல் மூன்றும் கோஎமோன் கதை, அவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். நான்காவதிலிருந்து கதாநாயகன் மாறிவிடுகிறார், அங்கே நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை.

1963: பதினேழு பேர், ஒரு கோட்டை

'ஷினோபி நோ மோனோ' அளவுக்குப் பேசப்படாத, ஆனால் நிஞ்ஜா படம் என்ற வரையறைக்கு அதைவிடவும் நெருக்கமாகப் பொருந்துகிற படம் ஒன்று உண்டு. தோயெய் நிறுவனத்துக்காக யசுதோ ஹசெகாவா இயக்கிய 'பதினேழு நிஞ்ஜாக்கள்' (1963). எடோ ஆட்சியின் தொடக்க காலம். ஷோகன், அதாவது நாட்டை ஆளும் ராணுவத் தலைவர், பதவிக்கான போட்டியில், சதிக்கு உடன்பட்ட பிரபுக்கள் கையெழுத்திட்ட சுருள் ஒன்று சுன்பு கோட்டைக்குள் இருக்கிறது. இகாவிலிருந்து பதினேழு பேர் அதை எடுக்கப் போகிறார்கள். கதை அவ்வளவே. காதலும் பழிவாங்கலும் ஓரத்துக்குப் போய்விடுகின்றன. காவல் எத்தனை அடுக்கு, எந்தச் சுவரில் ஏறலாம், எந்த ஆளை இழந்தால் எந்தக் கதவு திறக்கும் என்ற கணக்குதான் படம் முழுக்க ஓடுகிறது.

இதன் பெரிய பலம் எதிரி. கோட்டைக் காவலுக்கு வந்திருப்பவரும் இன்னொரு நிஞ்ஜாதான், நெகோரோ வழியைச் சேர்ந்தவர், ஜூஷிரோ கொனோயே நடித்தது. இகாக்காரர்கள் எப்படி யோசிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் கோட்டையின் சாமுராய்கள் அவரைத் தங்களுக்குச் சமமாக நினைப்பதில்லை. உள்ளே வர முயல்கிறவர்களும் பலியாட்கள், தடுக்க நிற்கிறவரும் அவமதிக்கப்படுகிறவர். நாம் கேட்ட நான்காவது கேள்விக்கு இதைவிடச் சிறந்த விடை திரையில் இல்லை. ஆளை மாற்றும் சோதனையில் இந்தப் படம் முதல் நிமிடத்திலேயே ஜெயித்துவிடும். கராத்தே வீரர்கள் பதினேழு பேரை இந்தக் கதைக்குள் விட்டால் மதிலைத் தாண்டும் முன்பே எல்லாம் முடிந்துபோகும்.

குறை என்றால், சண்டை ரசிகருக்கு இது வறட்சியாகப் படும். பதினேழு பேரில் பாதிப்பேரின் முகம் மனதில் நிற்காது.

அதே காலத்தின் மூன்றாவது பெரிய படம் மசாஹிரோ ஷினோடாவின் 'சாமுராய் ஸ்பை' (1965). 1614ஆம் ஆண்டு, அடுத்த போர் எப்போது வெடிக்கும் என்று எல்லாரும் காத்திருக்கும் நேரம். கோஜி தகாஹாஷி, கதைகளில் பிரபலமான நிஞ்ஜா சருதோபி சாசுகேவாக வருகிறார். தெட்சுரோ டம்பா தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பில் வருகிறார், நிஞ்ஜா என்றால் கறுப்பு என்று நினைப்பவருக்கு அதுவே ஒரு அதிர்ச்சி. தோரு தாகெமிட்சுவின் இசை, பனிமூட்டத்துக்குள் நடக்கும் சண்டை, வெகுதூரத்தில் வைத்த கேமரா என எல்லாமே அழகு. யார் யாருக்கு வேவு பார்க்கிறார்கள் என்பதைப் பின்தொடர்வது மட்டும் கடினம். இதை மூன்றாவதாகப் பார்ப்பதே நல்லது. முதலில் பார்த்தவர்களில் பலர் பாதியில் எழுந்துவிடுவார்கள்.

உடுப்பும் கருவியும்: திரை எங்கே ஏமாற்றுகிறது

அமெரிக்கப் படங்களுக்குப் போகுமுன் கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அந்தப் படங்களின் பெரும்பகுதி கருவிக் கண்காட்சிதான்.

பழைய ஏடுகள் பயணத்துக்குச் சொல்லும் சாமான்கள் ஆறு: நாணல் தொப்பி, கொக்கி கட்டிய கயிறு, எழுதுகோல், மருந்து, ஏறக்குறைய தொண்ணூறு செ.மீ. நீளத் துண்டு, தீமூட்டும் பொருள். ஆயுதம் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். தொப்பி முகத்தை மறைக்கும், தான் பார்ப்பதை மறைக்காது. துண்டை முகத்தில் சுற்றலாம், காயத்துக்குக் கட்டலாம், ஏறுவதற்குப் பயன்படுத்தலாம். இவற்றில் இரண்டு மூன்றையாவது உருப்படியாகப் பயன்படுத்தும் படம் தொழில் தெரிந்தவர் எடுத்த படம்.

முதுகில் கட்டிய வாள் திரைக்கு அழகு, கைக்குத் தொல்லை. எழுபது செ.மீ. அலகை தோளுக்கு மேலாக உருவினால், கை முழுதும் நீண்ட பிறகும் நுனி உறைக்குள்ளேயே மாட்டி நிற்கும். படங்களில் உருவும் நொடியில் ஷாட்டை வெட்டிவிடுவார்கள், அல்லது அலகு குட்டையாக இருக்கும். கூரைக்குள் தவழும் காட்சியில் முதுகில் வாள் இருந்தால் அது உத்தரத்தில் இடிக்க வேண்டும். இடிக்காமல் தவழ்ந்தால் அந்தக் கூரை ஸ்டுடியோக் கூரை.

தண்ணீரில் நடக்கும் மரவளையம் இன்னொன்று. காலுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு அகழியைக் கடப்பதாகப் பல படங்களில் வரும். அறுபது கிலோ எடையுள்ள ஆள் தண்ணீர்மேல் நிற்க வேண்டுமானால் அறுபது லிட்டர் நீர் விலக வேண்டும். அந்த மெல்லிய மரத்துண்டுகள் அதில் சிறு பங்கைத்தான் விலக்கும். நேராக நின்றால் மூழ்குவார், சாய்ந்தால் கவிழ்வார். அதேபோல எறிநட்சத்திரம் இரும்பு. பத்துப் பதினைந்தை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினால் கனமும் சத்தமும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அதை வீசுவது பெரும்பாலும் துரத்துகிறவரை ஒரு நொடி தாமதிக்க வைக்கத்தான். வீசியவுடன் எதிரி சுருண்டு விழுகிற படம் இந்த விஷயத்தில் கவனம் எடுக்கவில்லை.

1980கள்: அமெரிக்க அலை

கேனன் நிறுவனம் 1981இல் எடுத்த 'என்டர் தி நிஞ்ஜா' இந்த அலையின் தலைப்படம். மெனகெம் கோலன் இயக்கம், பிலிப்பைன்ஸில் படப்பிடிப்பு, கதாநாயகன் இத்தாலிய நடிகர் ஃபிராங்கோ நீரோ. அவருக்காகச் சண்டையில் இறங்கியவர் கராத்தே வீரர் மைக் ஸ்டோன். வில்லனாக வந்த ஷோ கொசுகிதான் படத்தைத் தூக்கி நிறுத்தினார். அடுத்த படத்திலேயே அவர் கதாநாயகன் ஆனதற்கு அதுவே காரணம்.

அந்த அடுத்த படம், 1983இன் 'ரிவெஞ்ச் ஆஃப் தி நிஞ்ஜா', இந்தக் கூட்டத்தில் தேர்ந்தெடுக்க வேண்டியது. சாம் ஃபர்ஸ்டன்பெர்க் இயக்கியது, யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியில் எடுத்தது. குடும்பத்தைப் பறிகொடுத்த நிஞ்ஜா மகனோடும் தாயோடும் அமெரிக்கா வந்து பொம்மைக் கலைக்கூடம் நடத்துகிறார். அந்தப் பொம்மைகளுக்குள் ஹெராயின் போகிறது. மையத்தில் ஊடுருவல் இல்லை, பழிவாங்கல்தான் இருக்கிறது. முதல் கேள்வியில் படம் தோற்கிறது. ஆனால் கருவிகள் இங்கே உழைக்கின்றன. முள்ளுருண்டைகள் ஓடுகிறவரின் காலை நிறுத்துகின்றன, கையில் மாட்டும் இரும்பு நகங்கள் சுவரேறப் பயன்படுகின்றன, பொய் உருவம் எதிரியின் கண்ணைத் திருப்புகிறது. வானளாவிய கட்டடத்தின் மொட்டைமாடியில் நடக்கும் இறுதிச் சண்டையில் இரண்டு நிஞ்ஜாக்கள் ஒருவரையொருவர் ஏமாற்றுவதே சண்டையாக இருக்கிறது. வெட்டுவதைவிட மறைவதற்கு அதிக முயற்சி எடுக்கிறார்கள். இன்னொன்றையும் கவனிக்கலாம்: இந்தப் படத்தில் முழு நிஞ்ஜாத்தனத்தோடு இருப்பவர் வில்லன். பகலில் கோட்டு போட்ட நண்பன், இரவில் வெள்ளி முகமூடி. முகத்தைக் காட்டியே நுழையும் அந்தப் பழைய வழி அவரிடம்தான் இருக்கிறது.

1985இன் 'அமெரிக்கன் நிஞ்ஜா' பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மைக்கேல் டூடிகாஃப் சண்டைக்கலைப் பின்னணி இல்லாமல் வந்தவர், ஸ்டீவ் ஜேம்ஸ் அவரைவிடச் சண்டையில் பிரமாதம். பட்டப்பகலில் வண்ணவண்ண உடுப்பில் கும்பலாகப் பயிற்சி எடுக்கும் நிஞ்ஜாக்கள், மணிக்கட்டில் லேசர் கட்டிய தலைவன். ஆளை மாற்றும் சோதனையில் கதை ஒரு இடத்தில்கூடச் சிக்காமல் ஓடிவிடும். விறுவிறுப்பான ராணுவச் சண்டைப் படமாகப் பார்க்கலாம், நிஞ்ஜா படமாகக் கணக்கில் எடுக்க வேண்டாம். 1984இன் 'நிஞ்ஜா 3' பேய் பிடிக்கும் கதை. கோல்ஃப் மைதானத்தில் நடக்கும் தொடக்கத் தாக்குதல் மட்டும் நினைவில் நிற்கும்.

ஹாங்காங்: எதிரியாக வந்த நிஞ்ஜா

ஹாங்காங் படங்களில் நிஞ்ஜா பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த எதிரி. நேருக்கு நேர் நின்று மோதும் குங்ஃபூ மரபுக்கு மறைந்து தாக்குவது இழுக்கு. 1978இன் 'ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்' படத்தில் கார்டன் லியூவின் பாத்திரம் நிஞ்ஜுட்சு என்ற நிஞ்ஜா கலையைப் பற்றி நினைப்பது இதைத்தான். யசுவாகி குராட்டா நிஞ்ஜாவாக வந்து இறுதிப் பகுதியில் அந்த எண்ணத்துக்குப் பதில் சொல்கிறார். லாவ் கார்-லியுங்கின் நேர்மையான படம், இரு நாட்டுக் கலையையும் மதிக்கிறது. ஆனால் நிஞ்ஜா அதில் ஒரு பகுதி மட்டுமே.

ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் நிறுவனத்துக்காக சாங் சே இயக்கிய 'ஃபைவ் எலிமென்ட் நிஞ்ஜாஸ்' (1982) கண்ணுக்கு விருந்து. பொன், மரம், நீர், நெருப்பு, மண் என்று ஐந்து அணிகள். பொன் அணி பளபளக்கும் தகட்டால் கண்ணைக் கூசவைக்கும், மர அணி மரத்தோடு மரமாக நிற்கும், மண் அணி தரைக்குள்ளிருந்து ஈட்டியால் குத்தும். ஒளிவதற்கான ஒவ்வொரு வழியும் ஒரு அணியாகப் பிரிந்து நிற்பது நல்ல யோசனை, மிகைப்படுத்தலுக்குள்ளும் ஒரு தர்க்கம் ஓடுகிறது. ஆனாலும் இந்தப் படத்தின் அசல் நிஞ்ஜா அந்த அணிகளில் இல்லை. ஆதரவற்ற பெண்ணாக எதிரியின் இருப்பிடத்துக்குள் புகுந்து, அதன் அமைப்பை வரைபடமாக எடுக்கும் ஒற்றரிடம்தான் இருக்கிறார். அந்தப் பகுதி கொஞ்ச நேரமே வருகிறது, அதுவே எஞ்சிய சண்டைகளுக்கெல்லாம் வாசல் திறக்கிறது.

சிங் சியு-துங் முதன்முதலாக இயக்கிய 'டூயல் டு தி டெத்' (1983) வேறு வகை. ஷாவோலின் நூலகத்துக்குள் நிஞ்ஜாக்கள் புகுவதில் தொடங்குகிறது, அது அப்பட்டமான ஒற்று வேலை. பிறகு பட்டத்தில் பறந்து வருகிறார்கள், ராட்சத உருவம் உடைந்து பல நிஞ்ஜாக்களாகச் சிதறுகிறது. 1921இன் மந்திரவாதி நிஞ்ஜா திரும்பி வந்துவிட்டார் என்றே சொல்லலாம், ஆனால் என்ன வேகம், என்ன கற்பனை. ஹிரோயுகி சனாடா நடித்த 'நிஞ்ஜா இன் தி டிராகன்ஸ் டென்' (1982) உடல் வித்தைக்காகப் பார்க்க வேண்டியது.

அதே ஹாங்காங்கில் 80களின் நடுவில் ஒட்டுப்போட்ட படங்கள் மலிந்தன. ஏதோ ஒரு கொரியப் படத்தையோ தாய்லாந்துப் படத்தையோ மலிவாக வாங்கி, வெள்ளைக்கார நடிகருக்கு நிஞ்ஜா உடுப்பு மாட்டிச் சில காட்சிகளை எடுத்து இடையிடையே செருகி, டப்பிங் வசனத்தால் இரண்டையும் முடிச்சுப்போடுவார்கள். காட்ஃப்ரி ஹோ இதில் பெயர் பெற்றவர். அடையாளம் எளிது: நெற்றிப்பட்டையில் ஆங்கிலத்தில் நிஞ்ஜா என்றே எழுதியிருக்கும், நிஞ்ஜாக்களும் மற்ற பாத்திரங்களும் ஒரே ஃபிரேமில் வரவே மாட்டார்கள், தொலைபேசியில் மட்டும் பேசிக்கொள்வார்கள். தலைப்பில் நிஞ்ஜா என்ற சொல்லைப் பார்த்து ஏமாறுபவர்கள் விழும் குழி இதுதான். நேரத்தை வீணாக்க வேண்டாம்.

2000க்குப் பிறகு

'நிஞ்ஜா அசாசின்' (2009) கணினியில் சேர்த்த ரத்தம் தெறிக்கும் படம். அனாதைக் குழந்தைகளைப் பிடித்து ஆயுதமாக வளர்க்கும் குலம், ஒரு உயிருக்கு நூறு பவுண்டு தங்கம் என்ற கூலி என நான்காவது கேள்விக்கு நேரான விடை வைத்திருக்கிறது. குலத்தலைவராக ஷோ கொசுகியே வருவதும், கதாநாயகன் பெயர் ராய்ஸோ என்பதும் பழைய படங்களை அறிந்தவருக்கு மகிழ்ச்சி தரும். சண்டைகள் இருட்டிலும் வேகமான எடிட்டிங்கிலும் கரைந்துபோவதுதான் குறை. இருளில் மறைவது ஒன்று, பார்வையாளரிடமிருந்தே சண்டையை மறைப்பது வேறொன்று.

சண்டையைத் தெளிவாகப் பார்க்க விரும்புகிறவர் 'நிஞ்ஜா: ஷேடோ ஆஃப் எ டியர்' (2013) பக்கம் போகலாம். ஐசக் ஃப்ளோரென்டைன் இயக்கம், ஸ்காட் அட்கின்ஸ் கதாநாயகன், ஷோ கொசுகியின் மகன் கேன் கொசுகியும் இருக்கிறார். நீண்ட ஷாட்கள், முழு உடலும் தெரியும் ஃபிரேம்கள். கதை சாதாரணப் பழிவாங்கல்.

இந்தக் காலத்தில் சிறந்தது யோஷிஹிரோ நகமுராவின் 'மூமொன்' (2017). 1579இல் நொபுனாகாவின் மகன் இகாவைத் தாக்கித் தோற்ற போர்தான் களம். இகா நிஞ்ஜாக்கள் காசுக்காக எதையும் செய்கிறவர்கள், காசு இல்லையென்றால் சண்டைக்கும் வராதவர்கள். நகைச்சுவையாகத் தொடங்கி, அந்தக் காசாசையின் கொடூரத்தை நம் முகத்தில் அறைகிறது. 'ஷினோபி நோ மோனோ' தலைவரைக் குற்றம் சொன்னது, இது ஊரையே குற்றம் சொல்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து பார்த்தால் 1579, 1581 இரண்டு போர்களும் ஒரு கதையாக இணைந்துவிடும்.

எந்தப் பிரதி, எப்படிப் பார்ப்பது

படம் சரியாக இருந்தும் பிரதி தவறாக இருந்தால் எல்லாம் போச்சு. 60களின் ஜப்பானியப் படங்களும் ஷா பிரதர்ஸ் படங்களும் 2.35:1 அகலத்திரையில் எடுக்கப்பட்டவை. பழைய வீடியோ கேசட் பிரதிகள் இதை 4:3 சட்டத்துக்கு வெட்டியவை, அதில் படத்தின் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் காணாமல் போகும். நிஞ்ஜா படத்தில் இது கூடுதல் கேடு, ஏனென்றால் ஒளிந்திருப்பவர் ஃபிரேமின் ஓரத்தில்தான் இருப்பார். மேலும் கீழும் கறுப்புப் பட்டை இல்லாத பிரதி கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

பிரிட்டனில் 80களில் தணிக்கை வாரியம் நுஞ்சாக்கு (சங்கிலியால் இணைத்த இரட்டைக் கட்டை), எறிநட்சத்திரம் வரும் இடங்களை வெட்டியது. அந்நாட்டின் பழைய பிரதி என்றால் கேனன் படங்களின் சண்டை நடுவில் திடீரெனத் துள்ளும்.

டிவியில் 'டைனமிக்' அமைப்பை அணைத்துவிட்டு 'சினிமா' அமைப்புக்கு மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைக்க வேண்டும், அது 60களின் படத்தை சீரியல்போல் ஆக்கிவிடும். அறை விளக்கு எரிந்தால் கறுப்பு வெள்ளைப் படங்களின் இரவுக் காட்சிகள் சாம்பல் நிறமாகிவிடும், கூரைக்குள் இருப்பவர் தெரியவே மாட்டார். மலிவான இணையப் பிரதிகளில் இருட்டு கட்டம் கட்டமாக உடையும், அப்படித் தெரிந்தால் அதை மூடிவிட்டு வேறு பிரதி தேடுவதே மேல். ஜப்பானியப் படங்களை மூலக்குரலோடு சப்டைட்டில் வைத்துப் பாருங்கள்.

ஒரே ஒரு மாலை கிடைக்கும் என்றால் 'ஷினோபி நோ மோனோ'. வேவும் திட்டமிடலும் பிடித்தவர், ஒரு கொள்ளைத் திட்டத்தை அங்குலம் அங்குலமாகப் பின்தொடர்வதில் சுகம் காண்பவர் நேராக 'பதினேழு நிஞ்ஜாக்கள்' பார்க்கலாம். அதில்தான் நிஞ்ஜா படம் என்ற பெயர் முழுதாகப் பொருந்துகிறது. கறுப்பு வெள்ளையில் பொறுமை இல்லாதவருக்கு 'மூமொன்'. சண்டைக்காக மட்டும் வருகிறவர் 'ரிவெஞ்ச் ஆஃப் தி நிஞ்ஜா'வை எடுத்துக்கொள்ளலாம், அதன் பிறகு 'டூயல் டு தி டெத்'. குழந்தைகள் உடன் இருந்தால் 'ஃபைவ் எலிமென்ட் நிஞ்ஜாஸ்', 'நிஞ்ஜா அசாசின்' இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். முன்னதில் குடல் சரிந்த பிறகும் சண்டை நிற்காது, பின்னதில் முதல் சில நிமிடங்களிலேயே உடல்கள் துண்டாகும்.